பேர் சொல்லாதது

தேனியில் ஒரு அச்சகத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போயிருந்தோம். அம்பது பத்திரிகைதான். அச்சகக்கார அண்ணன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "உச்சியில என்ன சாமி?" என்று கேட்டார்.

"சாமி வேணாம்ண்ணே."

"குலசாமி பேர மட்டும் போட்டுருவமா?"

"அதுவும் வேணாம்."

"அப்பச் சிலுவையா?"

"இல்லண்ணே."

இப்போதுதான் நிமிர்ந்தார். என்னையும் துணைவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பாய் வீடா?" என்றார். அதுவும் இல்லை என்றதும் அவருக்கு உண்மையாகவே கஷ்டமாகிவிட்டது. மனுஷன் கெட்டவர் இல்லை. "வெறும் மொட்டையா எப்படித்தா அடிக்கிறது? பிள்ளைக்கு நல்ல காரியம். ஒரே ஒரு உனாவாச்சும் போட்டுக்கிருவோம். அது சாமி இல்லத்தா, சுழி" என்று எனக்காக இறங்கி வந்தார். கடைசியில் அவரே ஒரு குழந்தையின் கால்தடப் படத்தைத் தேடி எடுத்து உச்சியில் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு, "பாப்பா பேரு?" "அது அன்னைக்குத்தான்." "அப்ப யாரு பேரு வைக்கிறா? தலைமை யாரு?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த வரியை அப்புறம் சொல்கிறோம் என்று விட்டுவிட்டு வந்தோம். போடி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். சாமியை எடுப்பது லேசு. யார் பேர் வைக்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஜனங்களுக்கு எப்போதும் வில்லங்கமான கேள்வி.

மத மறுப்புச் சடங்கு என்றதும் நம் தோழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுயமரியாதைத் திருமணம். புரோகிதரை வெளியே அனுப்பு, மந்திரத்தை நிறுத்து, தலைவர் வந்து வாழ்த்தட்டும். 1967இல் சட்டமன்றம் அதற்குச் சட்டமே இயற்றியது. பேர் வைப்பதற்கு அந்த மாதிரிச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஆனால் எங்கள் காலனியில் நின்றுகொண்டு யோசித்தால் ஒரு விஷயம் இடிக்கிறது. எங்கள் வீட்டுப் பேர் வைப்புக்கு எந்தக் காலத்தில் ஐயர் வந்தார்? கூப்பிட்டாலும் வரமாட்டார், வந்தாலும் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பேர் சொன்னது மருத்துவச்சிக் கிழவியும் அத்தைகளும்தான். சேலையில் தொட்டில் கட்டி, காதில் மூன்று தடவை சொல்லி, பச்சரிசியும் வெல்லமும் கலந்து எல்லோர் கையிலும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் முடிந்தது. வராத ஐயரை எப்படி வெளியேற்றுவது?

மனு நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் பேர் வைப்பதற்கு விதி இருக்கிறது. பிறந்த பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ வைக்க வேண்டுமாம். பிராமணன் பேரில் மங்களம், சத்திரியன் பேரில் பலம், வைசியன் பேரில் செல்வம், சூத்திரன் பேரில் இழிவு தெரிய வேண்டுமாம். சூத்திரன் பேரோடு ஏவலும் சேர வேண்டும் என்கிறது அடுத்த சுலோகம். அந்தப் பட்டியலில் எங்களுக்கு இழிவான பேர்கூட ஒதுக்கப்படவில்லை. கூட்டங்களில் இதைச் சொல்லிவிட்டு, "அதனால்தான் தோழர்களே, நம் தாத்தாக்களுக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் மண்ணாங்கட்டி என்றும் பேர் வைத்தார்கள்" என்று முடிப்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும். பத்து வருஷமாக இதைப் பேசியிருக்கிறேன்.

அந்தப் பேச்சை நிறுத்தும்படி ஆனது என் பிரசவத்துக்குப் பிறகுதான். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். போடிக்குக் கிழக்கே ஒரு காலனி. வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா. அம்மா இந்த வயசிலும் விடியற்காலை ஜீப்பேறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். அதனால் பகல் முழுக்க எனக்கும் பிள்ளைக்கும் துணை அப்பத்தாதான். எண்பதைத் தாண்டியிருக்கும், அதற்குக் கணக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "அப்பத்தா, அப்பாவுக்கு ஏன் பண்ணைக்காரங்க குப்பைன்னு பேரு வச்சாங்க?" என்று கேட்டேன்.

"பண்ணைக்காரன் எங்கத்தா வச்சான்? நான்ல வச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. அது சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்கப்பனுக்கு முந்தி மூணு. ஒண்ணு பொறந்தன்னைக்கே. ஒண்ணு ஒம்பது நாளு. ஒண்ணு நடக்குற பருவத்துல, அம்மை போட்டு. மூணுக்கும் நல்ல பேரா வச்சேன். நல்ல பேரு வச்சாக் கண்ணு பட்ருதுன்னாக. நாலாவதா இவன் விழுந்தான். தொப்புள் கொடி விழுந்த அன்னைக்குத் தூக்கிட்டுப் போயி குப்பைமேட்டுல போட்டேன். எங்க கொழுந்தியா பின்னாடியே வந்து எடுத்துக்கிட்டா. அவகிட்டத் தவுடு குடுத்து வாங்குனேன். இது எம்பிள்ள இல்ல, குப்பையில கெடந்தது, யாருக்கும் வேணாதது, நீயும் எடுத்துக்கிறாத. அப்பிடிச் சொல்லித்தான் குப்பைன்னு பேரு விட்டேன். பொழச்சுக்கிட்டான்ல?"

குழந்தை சாவுக்குப் பயந்து குப்பை, பிச்சை, மூக்கன் என்று வைப்பது எல்லாச் சாதியிலும் உண்டு என்று புத்தகத்தில் படித்தவள்தான் நான். எம்.ஏ. தமிழ். நாட்டார் வழக்காற்றியல் தாளில் பத்து மார்க் கேள்வியாகக்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் மேடை ஏறியதும் அது மறந்துபோகும். மேடைக்கு எதிரி ஒருத்தன் வேண்டியிருக்கிறது.

எதிரி இல்லாமலும் இல்லை. அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தாத்தா ராஜேந்திரன் என்று பேர் கொடுத்தார். குடியரசுத் தலைவர் பேராம். யாரோ சொன்னார்கள். பண்ணை வீட்டிலும் ஒரு ராஜேந்திரன் இருந்தான். "எங்க வீட்ல ஒரு ராசேந்திரன், சேரியில ஒரு ராசேந்திரனா? ஒனக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்குல்ல, குப்ப?" என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னதோடு முடிந்தது. அன்று முதல் அறுவடைக் களத்தில், சந்தையில், டீக்கடையில், அந்த வீட்டுப் பத்து வயசுப் பையன் வாயில்கூட, என் அப்பா "டே குப்ப". கணக்கெடுக்க வந்தவர் பண்ணை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதால் ரேஷன் கார்டிலும் அதே பேர் ஏறியது. பள்ளிச் சான்றிதழில் ஒருத்தர், ரேஷன் கார்டில் இன்னொருத்தர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அப்பா அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும்.

அப்பத்தா வைத்த குப்பை வேறு, பண்ணைக்காரர் கூப்பிட்ட குப்பை வேறு. எழுத்து மூன்றும் ஒன்றேதான். ஒன்று பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய். இன்னொன்று அந்தப் பொய்யையே உண்மையாக்கி வளர்ந்த மனுஷனின் தலையில் கட்டியது. மேல்சாதிக் குப்பைகளுக்குக் கொஞ்ச நாளில் 'சாமி' ஒட்டிக்கொண்டு குப்புசாமி ஆகிவிடும். எங்கள் குப்பைக்குப் பின்னால் எதுவும் ஒட்டாது, முன்னால் 'டே' மட்டும்தான். பத்து வருஷம் மேடையில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசி, அப்பத்தாவின் புத்தியைப் பண்ணைக்காரனுக்குத் தானம் கொடுத்திருக்கிறேன்.

என் பேருக்கும் ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது 1989 ஆகஸ்டில். முப்பதாம் நாள் பேர் வைப்பதாக ஏற்பாடு. செப்டம்பரில் போடிப் பக்கம் சாதிக் கலவரம் மூண்டது. அம்மா என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குள் ராத்திரி பதுங்கியிருந்துவிட்டு, விடிந்ததும் சின்னமனூரில் சித்தி வீட்டுக்கு ஓடினாள். நான் அழுதுவிடக் கூடாதென்று ராத்திரி முழுக்கப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். திரும்பி வந்தபோது பேர் வைக்கிற மனசு யாருக்கும் இல்லை. ஐந்து வயசு வரைக்கும் நான் பாப்பா. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார், "பாப்பான்னா எப்படி?" என்று தாமே ஒன்று எழுதிக்கொண்டார். அவர் எழுதிய பேரில்தான் இதை எழுதுகிறேன். அதனால் என் மகளுக்கு இந்தச் சடங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "சடங்கே எதுக்கு தோழர், நேரா சர்டிபிகேட்ல எழுதிட்டுப் போங்க" என்று சொன்ன தோழர்களுக்கு இதுதான் பதில்.

ஏற்பாட்டுக்கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. ஏழெட்டுத் தோழர்கள் வந்தார்கள். ஒருவர் நிகழ்ச்சி நிரலே எழுதிக்கொண்டு வந்திருந்தார். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை ஆறு பேர், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. ஏற்புரை யார் என்று கேட்டேன். பிள்ளையின் சார்பில் நீங்கள்தான் என்றார்! மைக் செட், கொடி, டிஜிட்டல் பேனர். எந்தத் தலைவரைக் கூப்பிட்டுப் பேர் வைக்கச் சொல்லலாம் என்பதில் வாக்குவாதம் வேறு. தமிழ்நாட்டில் இது பழைய பழக்கம். 1932இல் சோவியத் ருஷ்யா போய் வந்த பெரியார் பிள்ளைகளுக்கு ருஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பேர் வைத்திருக்கிறார். பிறகு எல்லாக் கட்சித் தலைவர்களும் பிரச்சார வேனை நிறுத்தி, நீட்டிய பிள்ளைக்குப் பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கேலி இல்லை, கூட்டத்துக்குள் பிள்ளையை நீட்டிய தாய் மனசும் எனக்குத் தெரியும். ஆனால் ஐயர் வராத வீட்டுக்குள் ஒரு தலைவரைக் கூப்பிட்டு ஐயர் இடத்தை முதல்முதலாக உண்டாக்கிக் கொடுப்பானேன்? வேண்டாம் என்றேன். தோழருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடுத்தது பேர். நான் மீனாம்பாள் என்றேன். திண்ணை அமைதியாகிவிட்டது. "என்ன தோழர், மத மறுப்புன்னு சொல்லிட்டு மீனாட்சி பேரா?"

மீனாம்பாள் சிவராஜை எத்தனை பேருக்குத் தெரியும்? 1904இல் ரங்கூனில் பிறந்தவர். தென்னிந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த பெண். அம்பேத்கர் இயக்கத்திலும் இந்தி எதிர்ப்பிலும் முன்னால் நின்றவர். 1992இல் இறந்தார். படம் மாட்டியிருக்கும் நம் வீடுகளில்கூட அவர் படம் இல்லை. அவர் பேரில் இருக்கிற அம்பாளை நான் என்ன செய்ய முடியும்? சாமி பேரை எல்லாம் தள்ளினால் நம் வரலாற்றில் யார் மிஞ்சுவார்கள் என்று கேட்டேன். பீமராவில் பீமன் இருக்கிறான். ராமன் படத்தைக் கொளுத்தியவர் கடைசிவரை ஈ.வெ. ராமசாமியாகத்தான் கையெழுத்துப் போட்டார். 1845இல் பிறந்த அயோத்திதாசருக்கு வீட்டில் வைத்த பேர் காத்தவராயன். தன் ஆசிரியர் மேலிருந்த மதிப்பால் அவர் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டார். அயோத்திக்குத் தாசன் என்று பொருள்படும் பேரோடுதான் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். வசவையே தலைப்பில் அச்சடித்துக் காசுக்கு விற்றார். இதற்கு நேர் எதிர்வழியும் நம்மிடம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் தமிழ்ப் பேர் சூட்டும் இயக்கம் நடத்திய திருமாவளவன், ராமசாமி என்ற தன் அப்பாவின் பேரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். மகன் அப்பனுக்குப் பேர் வைத்த கதை. இரண்டு வழியும் எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டியது ஒன்றுதான், பேர் யார் ஞாபகமாக வைக்கப்படுகிறது என்று பிள்ளையிடம் சொல்ல என்னிடம் கதை இருக்க வேண்டும்.

துணைவருக்கு ஊர் கூடலூர். ஆண் பிள்ளை பிறந்தால் பென்னிகுயிக் என்று வைப்பது என்று என் மாமியார் முடிவு செய்து வைத்திருந்தார். சிரிக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பேர் வைத்த பிள்ளைகள் உண்டு. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்கார இஞ்சினியர் அவர். ஜனவரி 15 அவர் பிறந்த நாள் என்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் அரசே மணிமண்டபம் திறந்தது. சாமி இல்லாமல், சாதி தெரியாமல், ஒரு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிற மத மறுப்பு வழக்கம் எங்கள் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித் தராமலே. எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் அங்கே செத்த கூலிகள் பேரை எந்தப் பிள்ளைக்கு வைப்பது? அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் எங்களுக்கு எத்தனை குழி? மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. பெண் பிள்ளை என்றதும் அவரே விட்டுவிட்டார்.

பேர் என்பது சாதாரண விஷயம் என்று நினைப்பவர்கள் 1997ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். எங்கள் தேனி மாவட்டமே அந்த வருஷம் பிறந்த பிள்ளைதான். அதே வருஷம் விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்க சாதி. தென் மாவட்டங்கள் எரிந்தன. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் அரசு எடுத்துவிட்டது. எங்கள் பேர் ஒன்று ஏறியதும் மொத்தப் பேரையும் இறக்கினார்கள்.

இனி காகித விஷயம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆனால் பேர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பேரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் கட்டிய பட்டையில் 'இன்னாரின் குழந்தை' என்று என் பேர்தான் இருந்தது. தாயின் பேரில் மட்டும் பிள்ளை இருக்கிற ஒரே காகிதம் அதுதான் என்று தோன்றியது. அதைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன். பதிவுப் படிவத்தில் மதம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது, புள்ளிவிவரத்துக்காக. பேனாவை வைத்துக்கொண்டு அங்கேதான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019இல் சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கினார். பள்ளிச் சேர்க்கையில் சாதி மதக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட 1973லிருந்தே தமிழ்நாட்டில் அரசாணை இருக்கிறது. ஆனால் என் மகளுக்கு அந்தச் சான்றிதழை நான் வாங்கினால் அவளுடைய இட ஒதுக்கீடு போகும், தெருவில் அவளைக் கூப்பிடுகிறவன் வாயிலிருந்து சாதி போகாது. இடஒதுக்கீட்டை வைத்துக்கொள்ளலாம் என்றால் சாதிச் சான்றிதழில் சாதிக்கு முன்னால் 'இந்து' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி செய்த வேலை அது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் உள்ளே விட்டார்கள். கிறித்தவ, இஸ்லாமிய தலித்துகள் இன்றைக்கும் வெளியேதான். வழக்கறிஞர் தோழர் ஒருவர், "ஆணை வேற மதத்தச் சார்ந்தவரைத்தான் சொல்லுது, மதமே இல்லாதவரப் பத்தி ஒண்ணும் சொல்லல. பயப்படாதீங்க" என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று சொன்ன தீர்ப்பைப் படித்ததிலிருந்து எனக்கு உதறல். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானமும் அந்த வழக்கில் சான்றாக நின்றது. பேசத் தெரியாத பிள்ளையின் தலையில் ஊற்றிய தண்ணீர் முப்பது வருஷம் காயாமல் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் எங்கள் திண்ணையில் ஐம்பது பேர் முன்னால் நாங்கள் செய்யப்போவதும் அப்படி எங்காவது போய் நிற்குமோ? மத மறுப்பு என்று பத்திரிகையில் அச்சடிப்பதற்குக்கூட ஒரு தலித் தாய் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கிறது. மேல்சாதி நாத்திகருக்கு இந்தச் செலவு கிடையாது. கடைசியில் பத்திரிகையில் மத மறுப்பு என்ற சொல்லைப் போடவில்லை. கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். 'பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், வந்து கூப்பிட வாருங்கள்' என்று மட்டும் போட்டோம். படிவத்தில் என்ன எழுதினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

தேதி குறிப்பதில் நல்ல நேரம் பார்க்கவில்லை என்றாலும் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. முதலில் நாற்பத்தைந்தாம் நாள் என்றோம். அன்றைக்குத்தான் ஒன்றரை மாதத் தடுப்பூசி, காய்ச்சல் வரும் என்றார் செவிலியர். அடுத்த ஞாயிறு என்றோம். பகலில் வைத்தால் மலைக்குப் போகிற பெண்கள் வரமுடியாது, ஒரு நாள் கூலி போகும். ஜீப்புகள் இறங்கி வந்து, குளித்து வர ஏழு மணி. ஏழு மணி என்று முடிவானது. எங்களுக்கு ராகுகாலம் என்பது ஜீப் மலையில் இருக்கிற நேரம்தான்.

என் அண்ணனோடுதான் சண்டை வந்துவிட்டது. வெள்ளி அரைஞாணும் சேலையும் எடுத்து வருவதாக இருந்தான். சீர் எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். போனில் கத்தினான். "சாமிய விட்டுட்டீக, சரி. தாய்மாமனையும் விட்டுட்டீகளா?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எது மதம், எது உறவு என்று எங்களுக்கே கோடு போடத் தெரியவில்லை. வா, பிள்ளையை மடியில் வைத்துக்கொள், சீரை மட்டும் விட்டுவிடு என்றேன். அரைஞாணோடுதான் வந்தான். பிள்ளையின் இடுப்பில்தான் இருக்கிறது.

அப்பத்தா மட்டும் கடைசிவரை ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தது. "சாமி வேணாமின்னா இதுக்கு யாரு காவலு?" பிள்ளைத்தமிழில் முதல் பருவமே காப்புதான். தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பிள்ளையைக் காக்கச் சொல்வார்கள். பாடம் நடத்தச் சொன்னால் ஒரு மணி நேரம் நடத்துவேன். அப்பத்தாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். "இதுதான் அப்பத்தா காவல். அம்மை போச்சுல்ல." வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு இது இல்லாமப் போச்சே" என்றது. மூன்றாவது பிள்ளையைச் சொன்னது. அதன்பிறகு நான் வாதம் செய்யவில்லை.

வசம்பு வளையல் மட்டுமாவது போடுவேன் என்றது. கறுத்த நூலில் வசம்புத் துண்டுகளைக் கோத்து வைத்திருந்தது. மூடநம்பிக்கை என்று ஒரு தோழர் முகம் சுளித்தார். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்பார்கள். இருட்டிய பிறகு அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், அதனால் இன்னொரு பேர் 'பேர் சொல்லாதது'. பேர் வைக்கிற அன்றைக்குப் பேர் சொல்லாததைக் கட்டிக்கொள்கிறாள், கட்டட்டும் என்றேன்.

அந்த ஞாயிறு மழை வரும் போலிருந்து வரவில்லை. தலைமை யார் என்ற அச்சகக்காரரின் கேள்விக்கு நாங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இதுதான். வந்தவர்கள் ஒவ்வொருத்தராகத் தொட்டிலிடம் வந்து, முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்த பேர், ஊரில் கூப்பிட்ட பேர், இரண்டும். பிறகு பிள்ளையை அவள் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேச்சு கிடையாது. தோழர்கள் இது எடுபடாது, ஜனங்கள் வெட்கப்படுவார்கள் என்றார்கள். முதல் பத்து நிமிஷம் அப்படித்தான் இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அம்மாவோடு ஜீப்பில் போகிற ஒரு அக்கா எழுந்து வந்தது. "எம்பேரு ராசாத்தி. தோட்டத்துல கூப்புடுறது 'ஏ போடிக்காரி'. கங்காணி நோட்டுல மட்டுந்தான் ராசாத்தின்னு இருக்கு, அதுவும் கூலி குடுக்குற அன்னைக்குத்தான் கேப்பேன்." இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பேர், அரை நாள் வேலை என்றால் 'அரைப்பேர்' என்று படித்தது ஞாபகம் வந்தது. அந்த அக்காவுக்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. நாற்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மாவின் பேர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிலருக்கு ஊர்ப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் பரவாயில்லை என்றோம். ஒரு தாத்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். எங்கள் கடைக்குட்டிச் சித்தப்பா குடித்துவிட்டு வந்து மூன்று தடவை வரிசையில் நின்றார்.

அப்பா கடைசியில் வந்தார். "எம்பேரு ராஜேந்திரன்." கொஞ்ச நேரம் நின்றார். "எங்காத்தா எனக்கு வச்ச பேரு குப்பை." அதோடு நிறுத்திக்கொண்டார். ஊரில் கூப்பிட்ட பேர் என்று மூன்றாவதாக எதையும் சொல்லவில்லை. குனிந்து, "மீனாம்பா" என்றார். ளகரம் அவருக்கு வராது.

பிறகு கறிச்சோறு. மாட்டுக்கறியா ஆட்டுக்கறியா என்று ஒரு வாரம் நடந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன். இரண்டும் இருந்தது, இரண்டும் தீர்ந்தது.

காதில் பேர் சொல்கிற வேலை அப்பத்தாவுக்கு. தொட்டிலுக்குள் தலையை விட்டு மூன்று தடவை என்னவோ சொன்னது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு, "என்ன அப்பத்தா சொன்ன, மீனாட்சின்னுதானே?" என்றேன். "பேரத்தான் சொன்னேன்." "எந்தப் பேர?" "ஒனக்கு எதுக்கு? அதுக்குச் சொன்னது" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டது.

பதிவு அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை. முதலெழுத்து என்னுடையதா அவருடையதா, இரண்டுமா என்பது பாக்கி இருக்கிறது. கட்டணம் இல்லாமல் எழுத இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.